எழுவாயில் யார்? தொடக்கப்பள்ளித் தமிழ்ப் பாடநூல்களில் தொழிலும் பாலும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிடப்பட்ட எழுத்து வடிவம்)



ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்கள் தொழில்களை ஆண்களுக்கும் பெண்களுக்கும் எவ்வாறு பகிர்ந்தளிக்கின்றன என்பதே இவ்வுரை எடுத்துக்கொண்ட பொருள். இதுபற்றிப் பேசுவோர் பெரும்பாலும் படங்களையே சுட்டிக்காட்டுவர்: அடுப்பருகே அம்மா, நாளிதழுடன் அப்பா, துடைப்பத்துடன் அக்கா, பந்துடன் தம்பி. அந்தக் குறை உண்மையானது என்றாலும், அதைவிட ஆழமாக வேரோடிய இடம் ஒன்று உண்டு, அது வாக்கியம். தமிழில் படர்க்கை ஒருமை வினைமுற்று, செயலைச் சொல்லும்போதே செய்தவர் ஆணா பெண்ணா என்பதையும், அவருக்கு மதிப்பு தரப்படுகிறதா இல்லையா என்பதையும் விகுதியால் உணர்த்திவிடுகிறது. இந்த இயைபைக் குழந்தை எழுத்து வழியாக முதன்முதலில் கற்பது தொடக்கப்பள்ளித் தமிழ்ப் பாடநூலில்தான். ஆகவே, தொழில் பற்றிய பால்சார் வார்ப்புரு அந்நூலில் இலக்கணத்தோடு இலக்கணமாகவே பயிற்றுவிக்கப்படுகிறது என்பதும், அதைக் களைய விரும்புவோர் பாத்திரங்களை எண்ணுவதோடு நில்லாமல் வாக்கியத்தையே ஆய்வின் அலகாகக் கொள்ள வேண்டும் என்பதும் இவ்வுரையின் மையக் கருத்து.

வார்ப்புரு என்னும் கலைச்சொல், ஒரு பிரிவைச் சேர்ந்த அனைவருக்கும் ஒரே இயல்பையும் ஒரே திறனையும் ஒரே கடமையையும் முன்கூட்டியே ஏற்றிவைக்கும் எண்ணத்தை இங்கே குறிக்கிறது. இவ்வுரையில் எடுத்துக்காட்டாக வரும் சிறு வாக்கியங்கள் குறிப்பிட்ட எந்த நூலிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. அவ்வகை வாக்கியங்களின் அமைப்பைக் காட்டுவதற்காக ஆக்கப்பட்டவை.

1. மொழிப் பாடநூல் ஏன் தனியே நோக்கத்தக்கது

அறிவியல் நூலிலோ சமூக அறிவியல் நூலிலோ வரும் வாக்கியம் ஒரு செய்தியைச் சொல்கிறது. அச்செய்தி பிழையென்றால் மறுக்கலாம், திருத்தலாம். மொழிப் பாடநூலில் வரும் வாக்கியம் செய்திக்காக அங்கே இடம்பெறுவதில்லை. அது ஒரு மாதிரி. குழந்தை அதை உரக்கப் படிக்கிறது, பார்த்தெழுதுகிறது, ஆசிரியர் சொல்லக் கேட்டு எழுதுகிறது, கோடிட்ட இடத்தில் நிரப்புகிறது, இடப்பக்கச் சொல்லை வலப்பக்கச் சொல்லோடு பொருத்துகிறது, தேர்வில் மீண்டும் எழுதி மதிப்பெண் பெறுகிறது. “அம்மா சோறு சமைத்தாள்” என்னும் தொடரை இருபது முறை எழுதும் குழந்தையிடம் அம்மாதான் சமைக்க வேண்டும் என்று எவரும் சொல்லியிருப்பதில்லை. பெண்பால் எழுவாய்க்கு ‘ஆள்’ விகுதி வர வேண்டும் என்பதே அங்கே பாடம். ஆனால் அந்த விகுதியோடு அடுப்பும் சேர்ந்தே பழக்கமாகிறது. வெளிப்படையாகச் சொல்லப்பட்ட கருத்தைக் குழந்தை கேள்வி கேட்கக்கூடும். பயிற்சியாக வந்ததைக் கேட்பதற்கு அதற்கு வழியில்லை.

இந்தப் பழக்கம் விழும் வயதையும் கருத வேண்டும். அமெரிக்க உளவியலாளர் லிண்டா காட்ஃப்ரெட்சன் 1981இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, குழந்தைகள் தமக்குப் பொருந்தாதவை எனத் தொழில்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வளர்கின்றனர். 6 முதல் 8 வயது வரையிலான பருவத்தில் அவ்வாறு விலக்குவதற்கு அடிப்படையாவது, அது ஆண்களின் வேலையா பெண்களின் வேலையா என்னும் எண்ணம். லின் பியன், சாரா-ஜேன் லெஸ்லி, ஆந்திரெய் சிம்பியன் ஆகிய மூவர் 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், மிகவும் கெட்டிக்காரர் யார் என்று கேட்கப்பட்டபோது 5 வயதுச் சிறுமியர் தம் பாலினரைச் சிறுவர்களுக்கு இணையாகவே சுட்டியதும், 6 வயதிலேயே அந்த நம்பிக்கை குறையத் தொடங்கியதும் பதிவாகியுள்ளன. தமிழ்நாட்டில் இந்த வயதுதான் ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புகளின் வயது. எழுத்துக்கூட்டிப் படிப்பதிலிருந்து வாக்கியம் அமைப்பதற்குக் குழந்தை நகரும் காலம்.

2. எண்ணிக்கை ஆய்வின் பயனும் எல்லையும்

பாடநூல்களில் பால்சார்பை ஆராயும் மரபு எண்ணுவதில் தொடங்கியது. 1972இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரைச் சேர்ந்த பெண்கள் குழு ஒன்று 134 வாசிப்பு நூல்களை எடுத்து, அவற்றிலிருந்த 2,760 கதைகளைப் படித்து, ஆண்களுக்கு 147 வகையான தொழில்களும் பெண்களுக்கு 26 தொழில்களுமே காட்டப்பட்டிருந்ததை வெளிப்படுத்தியது. இந்தியாவில் நரேந்திரநாத் காலியா இந்தி, ஆங்கில மொழிப் பாடநூல்கள் 41ஐ ஆராய்ந்து 1979இல் நூலாக்கினார். இவ்விரு ஆய்வுகளும் மொழிப் பாடநூல்களையே எடுத்துக்கொண்டன என்பது கவனத்துக்குரியது.

கொள்கை அளவில் இந்தியா இதற்கும் முன்பே விழித்துக்கொண்டது. ஹன்சா மேத்தா தலைமையிலான குழு 1960களிலேயே ஆண், பெண் என்னும் அடிப்படையில் பாடத்திட்டம் வேறுபடக் கூடாது என்றது. பெண்களின் நிலை குறித்த குழு 1974இல் அளித்த ‘சமத்துவத்தை நோக்கி’ அறிக்கையும், பாடத்திட்டங்களையும் பாடநூல்களையும் மாற்றியமைப்பதன் வழியாகப் புதிய மதிப்பீடுகளை வளர்க்க வேண்டும் என்ற 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அவ்வழியில் வந்தவை. பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான 1979ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, ஆண், பெண் பங்கு பற்றிய வார்ப்புருக்களை நீக்கப் பாடநூல்களைத் திருத்த வேண்டும் என்று தன் 10ஆம் பிரிவில் வெளிப்படையாகவே கூறுகிறது. இந்தியா 1993இல் அதை ஏற்றது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி, கல்வியில் பாலினச் சிக்கல்கள் குறித்துத் தனி நிலைப்பாட்டு அறிக்கையே வெளியாயிற்று.

இத்தனைக்குப் பின்னும் சிக்கல் தொடர்வதற்குக் காரணம் அக்கறையின்மை மட்டும் அன்று. அளவுகோலும் ஒரு காரணம். எண்ணிக்கை ஆய்வு, பக்கத்துக்குப் பக்கம் பெண் உருவங்கள் எத்தனை, ஆண் உருவங்கள் எத்தனை என்று கணக்கிடுகிறது; கணக்கு சமமானவுடன் நூல் தேர்ச்சி பெற்றுவிடுகிறது. ஆனால் பத்து ஆண்களும் பத்துப் பெண்களும் வரும் ஒரு பாடத்தில், பத்து ஆண்களும் எதையேனும் உருவாக்க, பத்துப் பெண்களும் அதைக் கண்டு மகிழ்ந்தோ, உதவியோ, நன்றி கூறியோ நிற்கலாம். இருபதும் சமம்தான், வாக்கியங்கள் சமம் அல்ல.

தமிழ் இலக்கண மரபில் இதை அளப்பதற்குரிய கருவி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வினை தன்னுள் ஆறு கூறுகளை உணர்த்தும் என்று நன்னூல் வகுக்கிறது: செயலைச் செய்தவர், அதற்குக் கையாண்ட கருவி, செயல் நிகழ்ந்த இடம், செயல், அதன் காலம், செயலால் விளைந்த பொருள். உரையாசிரியர்கள் இதற்கு வழிவழியாகக் காட்டுவது குயவன் குடம் வனைந்ததைத்தான். ஆறு கூறுகளும் அதில் நிறைவாக அமைந்துள்ளன. ஒரு பாடநூலின் வாக்கியங்களை எடுத்து, ஆண் எழுவாயாக வரும் வாக்கியங்களில் இவ்வாறில் எத்தனை வெளிப்பட்டு நிற்கின்றன, பெண் எழுவாயாக வரும் வாக்கியங்களில் எத்தனை நிற்கின்றன என்று பார்த்தால் உண்மை நிலை தெளிவாகும். “தச்சர் உளியால் நாற்காலி செய்தார்” என்பதில் கருவியும் உண்டு, விளைபொருளும் உண்டு. “கமலா அம்மாவுக்கு உதவினாள்” என்பதில் கருவி இல்லை, விளைபொருளும் இல்லை. உதவியதால் என்ன உண்டாயிற்று என்பதை அந்த வாக்கியம் சொல்லவே இல்லை.

3. விகுதியும் மதிப்பும்

ஒருவரைப் பலராகச் சொல்லி மதிப்புத் தரும் முறை தொல்காப்பியக் காலத்திலேயே வழக்கில் இருந்தது. அதை இலக்கண நெறியாக அன்றி உலக வழக்கில் வரும் உயர்சொல்லாகத் தொல்காப்பியர் குறிக்கிறார். அந்த உயர்சொல் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் பாடநூலில் காண வேண்டியது. நெடுங்காலம் பள்ளி வாசகங்களின் நடை, அப்பா வந்தார், அம்மா வந்தாள் என்பதாகவே இருந்தது. தொழில் என்று வரும்போது இது மேலும் கூர்மையடைந்தது: தபால்காரர் வந்தார், கீரைக்காரி வந்தாள். இருவரும் தெருவில் நடந்து உழைப்பவர்கள். ஒருவருக்கு ‘ஆர்’, மற்றவருக்கு ‘ஆள்’.

இங்கே பால் ஒன்றே அளவுகோலாக நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய வாசகங்களில் உழவன் உழுதான், வண்டிக்காரன் வண்டி ஓட்டினான், குயவன் பானை செய்தான்; மருத்துவரும் ஆசிரியரும் நீதிபதியும் மட்டும் ‘ஆர்’ பெற்றனர். உடலுழைப்பாளரை ஒருமையில் சுட்டும் சாதிய, வர்க்க வழக்கமே அதில் படிந்திருந்தது. ஆணாக இருந்தும் உழைப்பால் தாழ்த்தப்பட்டவர் ‘ஆன்’ பெற்றார்; உழைப்பாளியாகவும் பெண்ணாகவும் இருந்தவர் இருமுறை தாழ்த்தப்பட்டார். கூலிக்கு வேலை செய்யும் பெண்ணுக்குப் பாடநூல் பெயரெச்சமோ அடைமொழியோ தராமல் ‘காரி’ என்னும் ஈறு ஒன்றை மட்டுமே தந்தது என்பது தமிழ்க் கல்வியுலகம் நாணத்தக்க வரலாறு.

அண்மைக் காலப் பாடநூல்களில், குறிப்பாக 2018–19, 2019–20 கல்வியாண்டுகளில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த புதிய நூல்களுக்குப் பிந்தைய சூழலில், உழவர், குயவர், ஓட்டுநர், தூய்மைப் பணியாளர் என மதிப்பு விகுதி பெருகியிருப்பது பாராட்டத்தக்கது. உழைப்பாளரின் மானத்தைக் காக்கும் இம்மாற்றம் எவ்வகையிலும் பின்வாங்கப்படக் கூடாது. ஆயினும் இதனுள்ளே புதியதொரு சிக்கல் பிறக்கிறது. ‘அர்’ ஈறு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆகவே உழவர் என்னும் சொல் யாரையும் விலக்கவில்லை என்று நூலாசிரியர் மனநிறைவு அடைந்துவிடுகிறார். ஓவியரோ அச்சொல்லைப் படித்தவுடன் ஏரும் தலைப்பாகையும் மீசையும் கொண்ட ஓர் ஆணை வரைகிறார். இலக்கணத்தில் பொதுவாக இருந்தது பக்கத்தில் ஆணாக முடிகிறது. முன்பு பெண் குறைத்துச் சொல்லப்பட்டார். இப்போது பொதுச்சொல்லுக்குள் காணாமல் போகிறார்.

பொதுப்பெயர் தானாகவே இருபாலாரையும் மனத்தில் எழுப்பும் என்னும் நம்பிக்கையை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. டிரீஸ் ஃபெர்வெக்கென், பெட்டினா ஹனோவர் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மன், டச்சு மொழிகள் பேசும் 6 முதல் 12 வயதுக் குழந்தைகள் 591 பேரிடம் தொழிற்பெயர்கள் இருவகையில் சொல்லப்பட்டன: பொதுவாக வழங்கும் ஆண்பால் வடிவத்தில் ஒருமுறை, ஆண்பால், பெண்பால் வடிவங்களை இணைத்து மற்றொருமுறை. இணைத்துச் சொல்லப்பட்டபோது, ஆண்களுக்கு உரியவையாகக் கருதப்படும் தொழில்களைத் தம்மாலும் செய்ய முடியும் என்னும் தன்னம்பிக்கை குழந்தைகளிடம் கூடியிருந்தது. அம்மொழிகளின் தீர்வை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர இயலாது. ஓட்டுநரோடு இன்னொரு பெண்பால் வடிவத்தை வலிந்து படைத்துச் சேர்ப்பது தமிழின் போக்குக்கு ஒவ்வாது, மதிப்பு விகுதியால் கிடைத்த சமனையும் அது கெடுக்கும். தமிழுக்கு இசைந்த வழி, பொதுப்பெயரை அப்படியே வைத்துக்கொண்டு அதன் முன்னோ பின்னோ ஆளின் பெயரை நிறுத்துவது: மருத்துவர் மாலதி வந்தார், ஓட்டுநர் செல்வி பேருந்தை நிறுத்தினார், செவிலியர் முருகன் மருந்து கொடுத்தார். பெயர் பாலைக் காட்டுகிறது, விகுதி மதிப்பைக் காக்கிறது, இலக்கணமும் பிழைபடவில்லை.

4. கருவியைப் பிடித்தவருக்கே தொழில்

உழவு, நெசவு, மீன்பிடி, மண்பாண்டம், கட்டடம் ஆகிய ஐந்தும் தொடக்க வகுப்புகளின் தொழில் பாடங்களில் திரும்பத் திரும்ப வருபவை. இவை ஒவ்வொன்றும் பலர் கூடிச் செய்யும் வேலை; ஆனால் பாடம் அவற்றில் ஒருவரை மட்டும் தொழிலாளராகத் தேர்ந்தெடுக்கிறது. தேர்வுக்கான அளவுகோல் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை என்றாலும், ஐந்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அது வெளிப்படுகிறது: ஏர், தறி, வலை, சக்கரம், கரண்டி என எது அந்தத் தொழிலின் சின்னமாகக் கருதப்படுகிறதோ, அதைப் பிடித்தவரே தொழிலுக்கு உரியவர் ஆகிறார்.

காவிரிப் படுகையின் நெல் வயலை எடுத்துக்கொள்ளலாம். உழுவதும் வரப்பு வெட்டுவதும் பெரும்பாலும் ஆண்களின் வேலை. நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்களின் வேலை. அறுவடையில் இருவரும் உண்டு. தமிழ்நாட்டின் வேளாண் கூலித் தொழிலாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள் என்பதை 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. குனிந்த முதுகோடு சேற்றில் பின்னோக்கி நகர்ந்து, வரிசை கோணாமல், வேர் மேலெழாமல் நாற்றை ஊன்றும் வேலைக்கு வேண்டிய பயிற்சி ஏர் பிடிப்பதற்கு வேண்டிய பயிற்சிக்குக் குறைந்தது அன்று. எனினும் உழவு பற்றிய பாடம் எழுதப்படும் முறையில், உழவர் நிலத்தை உழுகிறார், உழவர் விதைக்கிறார், உழவர் நீர் பாய்ச்சுகிறார் என்று செய்வினையில் வந்த வாக்கியங்கள், நடவுக்கு வந்தவுடன் நாற்று நடப்படுகிறது, களை எடுக்கப்படுகிறது என்று செயப்பாட்டுவினைக்கு மாறிவிடுவது உண்டு. செயப்பாட்டுவினை என்பது செய்தவரைச் சொல்லாமலே செயலைச் சொல்ல இடந்தரும் அமைப்பு. பெண்ணின் வேலை பாடத்தில் இருக்கிறது; அவர் எழுவாயாக இல்லை. மிகவும் கற்றறிந்த ஒரு குழுவே இதை எழுதியிருந்தாலும், அவர்கள் கைப்பட நிகழ்ந்த இந்தச் சிறிய இலக்கண மாற்றத்தில் ஒரு பெருங்கூட்டம் பள்ளி நூலிலிருந்து வெளியேறிவிடுகிறது.

நெசவிலும் இதே நிலைதான். தறியில் அமர்ந்தவர் நெசவாளர். ராட்டையில் தார் சுற்றுபவரும், பாவு போடுவதற்குக் கைகொடுப்பவரும், நூலைப் பிரித்து ஒழுங்கு செய்பவரும் குடும்பத்தினர். நாளெல்லாம் நடக்கும் இவ்வேலைகள் இல்லாமல் தறி ஓடாது. கூட்டுறவுச் சங்கத்தின் கூலியோ தறிக்காரர் பெயருக்குத்தான் வருகிறது. பாடநூல் இந்தக் கணக்கையே பின்பற்றி எழுதப்படுகிறது. மண்பாண்டத்தில் மண் மிதித்துப் பிசைவதும், ஈரப் பானையைத் தட்டி உருவேற்றுவதும், காயவைப்பதும், சந்தைக்குக் கொண்டுசெல்வதும் பெண்களிடம் இருக்க, சக்கரத்தின் முன் அமர்ந்தவர் மட்டுமே குயவர் எனப் பெயர் பெறுகிறார்.

மீன்பிடி பற்றிய பாடம் கடலில் தொடங்கிக் கரையில் முடிந்துவிடுகிறது. கரைக்கு வந்த மீனை ஏலம் எடுப்பது, கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்பது, உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்குவது ஆகியவை மீன்பிடித் தொழிலின் பாதி. மன்னார் வளைகுடாவை ஒட்டிய இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் பெண்கள் கடலுக்குள்ளேயே இறங்கி, மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி சேகரிக்கின்றனர். கடலில் இறங்குவோர் ஆண்கள், கரையில் காத்திருப்போர் பெண்கள் என்னும் வார்ப்புருவைத் தமிழ்நாட்டின் கடற்கரையே பொய்யாக்குகிறது. மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு இதைவிடச் சுவையான வாசிப்புப் பாடம் கிடைப்பது அரிது.

கட்டட வேலையில் ஆண் கையாளாகச் சேர்ந்து, கரண்டி பிடிக்கக் கற்று, சில ஆண்டுகளில் கொத்தனார் ஆகிறார். பெண் சித்தாளாகச் சேர்ந்து சித்தாளாகவே முதுமை அடைகிறார். கொத்தனாரின் கூலிக்கும் சித்தாளின் கூலிக்கும் உள்ள இடைவெளி எல்லோரும் அறிந்தது. பாடநூலில் கட்டடத் தொழிலாளி வரும்போது கரண்டி ஆணிடமும் சட்டி பெண்ணிடமும் இருப்பதை நடப்பு நிலையின் பதிவு என்று கொள்ளலாம். ஆனால் படத்துக்குக் கீழே உள்ள வாக்கியத்தில் “கொத்தனார் வீடு கட்டுகிறார்” என்று ஒருவர் மட்டுமே எழுவாயாக நின்றால், சட்டி சுமப்பவர் வீடு கட்டவில்லை என்பது அதன் பொருளாகிவிடுகிறது.

இந்த ஐந்துக்கும் அப்பால், பாடநூல் இன்னும் எட்டிப்பார்க்காத தொழில்கள் பல. திருப்பூரின் பின்னலாடைக் கூடங்கள், ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகள், தூத்துக்குடியின் உப்பளங்கள், சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகள், திருநெல்வேலிப் பகுதியின் பீடி சுற்றும் வீடுகள் என எங்கும் பெண்களின் உழைப்பே முதன்மையானது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருக்கின்றனர். அவர்களின் பிள்ளைகள் படிக்கும் நூலில் அம்மா வேலைக்குப் போய்த் திரும்பும் ஒரு மாலைப் பொழுதாவது வாக்கியமாக வர வேண்டும் என்பது மிகையான கோரிக்கை அன்று.

5. ஔவையும் ‘முதல் பெண்மணி’களும்

தமிழ் எழுத்து அட்டவணையில் ஒரு பெண் தன் பெயருடன், தன் தொழிலால் இடம்பெற்றிருக்கிறார். ‘ஔ’ என்னும் எழுத்துக்கு ஔவையார். ஆனால் கூன்விழுந்த முதுகும் கைத்தடியுமாக வரையப்பட்டு, ஔவைப் பாட்டி என்று அழைக்கப்படுவதால், குழந்தை அவரை முதலில் பாட்டியாக அறிகிறது. புலவர் என அறிவது பிறகு, அல்லது அறியாமலே போகிறது. வள்ளுவருக்கு எழுத்தாணியும் ஓலையும் எப்போதும் உண்டு. ஆத்திசூடி பாடிய பிற்கால ஔவையாரும், அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற சங்ககால ஔவையாரும் வேறு வேறு காலத்தவர் என்றாலும், இருவருமே சொல்லைத் தொழிலாகக் கொண்டவர்கள். ஓலையும் எழுத்தாணியும் ஏந்திய ஔவையாரை வரைவதற்குப் பாடத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

பெண்களின் தொழில் பற்றிய குறையை ஈடுசெய்யப் பாடநூல் குழுக்கள் வழக்கமாக நாடுவது வாழ்க்கை வரலாற்றுப் பாடம். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்று, 1927இல் சட்டமன்றத்துக்குள் நுழைந்து, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவிய முத்துலட்சுமி ரெட்டியும், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1940களில் மின்பொறியியல் படித்து இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரான அ. லலிதாவும், 1993இல் அரசுப் பேருந்தின் ஓட்டுநராகப் பணியேற்ற கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரியும் ஒவ்வொரு குழந்தையும் அறிய வேண்டியவர்களே. ஆனால் இத்தகைய பாடம் மட்டுமே இருந்தால், பெண் மருத்துவராவதும் பொறியாளராவதும் வரலாற்றில் பதியத்தக்க அரிய நிகழ்வு என்னும் எண்ணமே எஞ்சும். ஆண் ஓட்டுநரைப் பற்றி எவரும் வரலாற்றுப் பாடம் எழுதுவதில்லை. அவர் ‘ஓ’ எழுத்துப் பயிற்சியில் இயல்பாக வந்துபோகிறார்.

ஆகவே அரிய பெண்ணைக் காட்டுவதைவிட இயல்பான பெண்ணைக் காட்டுவதற்கு மொழிப் பாடநூலில் இடம் மிகுதி. ல, ள, ழ வேறுபாட்டைப் பயிற்றுவிக்கவும், காலம் காட்டும் இடைநிலைகளைப் பழக்கவும், ஒருமை பன்மை மயக்கத்தைத் தீர்க்கவும் நூற்றுக்கணக்கான சிறு வாக்கியங்கள் தேவைப்படுகின்றன. அவற்றில் ஒரு பெண் காவலர் போக்குவரத்தைச் சீர்செய்யலாம்; தமிழ்நாட்டில் பெண்கள் காவல் பணியில் சேர்ந்தது 1973இல், மகளிர் காவல் நிலையம் தொடங்கியது 1992இல்; இது இனியும் புதுமை அன்று. ஒரு பெண் மின்பணியாளர் கம்பத்தில் ஏறலாம். ஒரு பெண் தன் கடைக்குக் கணக்கு எழுதலாம். வியப்புக்குறியோ பாராட்டோ இன்றி அவ்வாக்கியம் கடந்துபோக வேண்டும்.

6. பள்ளி வளாகத்துக்குள் இருப்பவர்கள்

குழந்தை நாள்தோறும் காணும் பணியிடம் பள்ளி. அங்கே ஆசிரியர் இருக்கிறார். 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும் இருக்கின்றனர். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுவினர் விடியுமுன்பே அடுப்பு மூட்டுகின்றனர். சமையல் என்பது ஊதியத்துக்குரிய, அளவும் நேரமும் தூய்மையும் கணக்கிட்டுச் செய்யப்படும் திறன்வாய்ந்த தொழில் என்பதைக் குழந்தைக்குக் காட்ட இதைவிட அருகில் வேறு சான்று இல்லை. வீட்டில் அம்மா சமைத்தால் அது அன்பு, திருமணக் கூடத்தில் ஆண் சமைத்தால் அது தொழில் என்னும் பிரிவினையை இச்சான்று உடைக்கிறது.

வீட்டு வேலை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2019இல் நாடு முழுவதும் நடத்தப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், அவற்றில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிடுவதைக் காட்டியது. ஐந்து மணி நேர உழைப்பை உதவி என்று எழுதும் பாடநூல், சிறுமியை மட்டுமன்றிச் சிறுவனையும் ஏமாற்றுகிறது. அவன் கற்றுக்கொள்ள வேண்டிய, கற்றால் மகிழக்கூடிய வேலைகள் பலவற்றை அவனுக்கு உரியவை அல்ல என்று அது விலக்கிவிடுகிறது. ஆண் செவிலியர், மழலையர் வகுப்பின் ஆண் ஆசிரியர், பிள்ளைக்குத் தலைவாரும் அப்பா ஆகியோர் பாடநூலில் பெண் ஓட்டுநரைவிடவும் அரியவர்களாக இருப்பது, வார்ப்புருவின் மறுபக்கம் இன்னும் தீண்டப்படாமல் கிடப்பதையே உணர்த்துகிறது.

7. மறுப்புகளும் நடைமுறையும்

இக்கருத்துக்கு இரண்டு மறுப்புகள் எழுவது வழக்கம். முதலாவது, சமுதாயம் எப்படி இருக்கிறதோ அப்படியே நூலும் இருக்கும் என்பது. மேலே காட்டிய வயலும் கடலும் ஆலையும் இதற்கு விடை. நூல் சமுதாயத்தைக் காட்டவில்லை என்பதே இங்கு முறையீடு. இரண்டாவது, பழைய இலக்கியங்களைத் திருத்த முடியுமா என்பது. திருத்தக் கூடாது. ஆத்திசூடியும் நாட்டுப்புறப் பாடலும் தம் காலத்தின் குரலோடு அப்படியே இருக்க வேண்டும். அவற்றின் காலத்தை ஆசிரியர் எடுத்துரைக்க வேண்டும். திருத்தத்துக்கு உரியவை, எந்தப் புலவரும் பாடாத, நூற்குழுவே பயிற்சிக்காக எழுதும் வாக்கியங்கள் மட்டுமே. எண்ணிக்கையிலும் அவையே மிகுதி.

நடைமுறையில் மூன்று இடங்களில் கவனம் தேவை. வரைவு நூல் மேலாய்வுக்கு வரும்போது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய், விகுதி, கருவி, விளைபொருள் ஆகிய நான்கையும் அட்டவணைப்படுத்த வேண்டும். உரையாடல் பாடங்களில் கேள்வி கேட்பவர் யார், விளக்கம் சொல்பவர் யார் என்பதும் அதில் சேர வேண்டும், ஏனெனில் விளக்கம் சொல்லும் பொறுப்பு மாமாவிடமும் தாத்தாவிடமும் தேங்கிவிடும் போக்கு எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. அடுத்தது, ஓவியருக்குத் தரப்படும் குறிப்பு. மருத்துவர், உழவர், அறிவியலாளர் என்று வெறும் பெயரைக் கொடுத்தால் அவர் மனத்தில் முதலில் தோன்றும் உருவமே பக்கத்துக்கு வரும். டேவிட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வில், அறிவியலாளரை வரையச் சொன்னபோது 4,807 குழந்தைகளுள் 28 பேர் மட்டுமே பெண்ணை வரைந்தனர். அந்த 28 பேரும் சிறுமியர். குறிப்பில் ஒரு சொல் கூடுதலாக எழுதுவதற்குச் செலவு ஏதும் இல்லை.

மூன்றாவது இடம் பயிற்சிப் பகுதியும் வினாத்தாளும். பாடத்தை எழுதும்போது காட்டப்படும் கவனம், கோடிட்ட இடங்களை எழுதும்போது தளர்ந்துவிடுகிறது; கடைசி நாளில் அவசரமாக எழுதப்படும் அந்தப் பக்கங்களில்தான் பழைய வார்ப்புருக்கள் முழு வலிமையோடு திரும்பி வருகின்றன. “___ துணி துவைத்தாள்”, “___ வண்டி ஓட்டினான்” என்ற இரு கோடிட்ட இடங்களில் விகுதியே விடையின் பாதியைச் சொல்லிவிடுகிறது. அடைப்புக்குள் அம்மா, அண்ணன் என இரு சொற்களைக் கொடுத்தால் குழந்தைக்கு வேறு விடை எழுத வழியே இல்லை, எழுதினால் அது பிழையாகத் திருத்தப்படும். வினைகளை மட்டும் இடம் மாற்றி, “___ வண்டி ஓட்டினாள்”, “___ துணி துவைத்தான்” என்று அமைத்தால் அதே இலக்கணப் பாடம் அதே மதிப்பெண்ணுக்கு நடக்கும். நூல் திருத்தத்துக்குச் சில ஆண்டுகள் ஆகலாம். சொல்வதெழுதுதலுக்கும் வகுப்புத் தேர்வுக்கும் உரிய வாக்கியங்களை இந்த வாரமே ஆசிரியர் தாமே அமைத்துக்கொள்ளலாம், அதற்குரிய உரிமை அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது.